இருவருக்கு ஒரே நொண்டல்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு முறைச்சி என்கிற குதிரை டிரைவரம்மாவின் இடது இடுப்பில் உதைத்தது. உதை விழுந்த அதே நொடியில் டிரைவரம்மாவின் நொண்டல் அவளை விட்டுக் கிளம்பிக் குதிரைக்குப் போய்விட்டது. அப்போது லாயத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: லாயத்தின் சொந்தக்காரரான ஜாக்கி, நோயாளிகளைக் குதிரை மேல் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கும் பிசியோ, முதுகு வலிக்காக வந்து தன் முறைக்குக் காத்திருந்த தையல்காரர். மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அந்த மூவரும் இந்த ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள். விழுந்த பெண் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நேராக நடந்தாள். உதைத்த குதிரை இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. டிரைவரம்மாவின் இடுப்பில் லாட வடிவத்தில் ஒரு கன்றல் இருந்தது. பதினோரு நாளில் அது மறைந்தது.

அந்த நொண்டலுக்கு அப்போது வயது இரண்டு. அதற்கு முன் டிரைவரம்மா பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். ஒரு மழைநாளில் சிமெண்ட் லாரி ஒன்று பக்கவாட்டில் வந்து மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்பு, அவளுக்கு இடுப்பு. மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகவே நின்றது. கிளட்ச் மிதிக்க முடியாதவளை டெப்போவில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட். பொருளைத் தேடி வந்தவர்களை அவள் திருடர்களைப் போல விசாரித்தாள். குடையின் கைப்பிடியில் எத்தனை கீறல் என்று கேட்டாள். சொல்லத் தெரியாதவர்கள் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒன்றரை வருஷத்தில் அவள் மேல் நாற்பத்தாறு புகார்கள் வந்தன. பல்செட்டுக்காரர் மட்டும் மூன்று எழுதினார். வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் டைல்ஸ் போடுகிறவர். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று குளியலறைத் தரையைப் பெயர்த்துச் சொரசொரப்பான டைல்ஸ் பதித்து வைத்திருந்தார். திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, “நான் நொண்டின்னு தரையில எழுதியே வெச்சுட்டீங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு, சாவி, கேஸ் சிலிண்டர் தவிர வேறு எதைப் பற்றியும் பேச்சில்லை.

புகார்கள் நாற்பத்தாறைத் தொட்டதும் டெப்போ மேலாளர் அவளைக் குதிரை சிகிச்சைக்கு அனுப்பினார். பத்து அமர்வு, போகாவிட்டால் அந்தக் கவுண்டரும் கிடையாது. நகரத்தின் ஓரத்தில், மூடிப்போன மரக்கிடங்கில் அந்த லாயம் இருந்தது. குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, அவரே நடப்பது போல அசையும் என்றும், நடக்க மறந்த உடம்புக்கு அது ஞாபகம் வரும் என்றும் பிசியோ விளக்கினாள். குதிரையின் மூச்சோடு சேர்ந்து மூச்சுவிட வேண்டும், மனசைத் தளர்த்த வேண்டும், அன்பு காட்ட வேண்டும். “ஏம்மா, என் புருஷனுக்கே காட்டுறதில்ல” என்றாள் டிரைவரம்மா. அங்கே சாதுவான குதிரைகள் இரண்டு இருந்தன. பேசாத பிள்ளைகளையும் கை நடுங்கும் பெரியவர்களையும் சலிக்காமல் சுமந்தவை. டிரைவரம்மா உள்ளே நுழைந்ததும் இரண்டும் சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டன. நகராமல் நின்றது முறைச்சி மட்டும்தான். அது பந்தயத்தில் ஓடிய பெட்டைக் குதிரை. மூன்றாவது பருவத்தில் முதுகில் ஜாக்கியோடு கவிழ்ந்து அவருடைய தோள்பட்டையையும் பிழைப்பையும் ஒன்றாக முறித்தது. யாரும் வேண்டாம் என்ற குதிரையை ஜாக்கி வாங்கி வைத்துக்கொண்டார். பரிதாபப்பட்டு அல்ல, தன்னைக் கெடுத்தது தன் கையாலேயே தின்று வாழட்டும் என்ற வஞ்சத்தில். அதுவும் அப்படியே, அவரை முறைத்துக்கொண்டே தின்றது. டிரைவரம்மா அதனிடம் வந்த நான்காவது அமர்வில்தான் அந்த உதை விழுந்தது.

அன்று மாலை அவள் பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். கணவர் அவள் நடையைப் பார்த்தார். வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, அவளைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, இடுப்பின் குறுக்கே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அவள் மோர் கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

இந்த நல்ல காலம் நான்கு நாள் நீடித்தது. சனிக்கிழமை அடுத்த அமர்வுக்குப் போனபோது முறைச்சி அவளுடைய கைப்பையின் வாரை மென்று துண்டாக்கியது. ஆத்திரத்தில் அவள் அதன் கழுத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கை பட்ட இடத்திலிருந்து நொண்டல் அவள் தோள் வழியாக ஏறி, முதுகில் இறங்கி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. குதிரை நிமிர்ந்து லாயத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தது. அது சிரித்தது என்று தையல்காரர் சொன்னார். அதை மட்டும் மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

விதியைக் கண்டுபிடித்தவள் டிரைவரம்மாதான், ஒரு வாரத்தில். அடித்தவருக்குத்தான் நொண்டல். குதிரை உதைத்தால் குதிரைக்கு, அவள் அறைந்தால் அவளுக்கு. சும்மா தட்டினால் ஒன்றும் நடக்காது. அடி மனசாரக் கோபத்தில் வர வேண்டும். பிசியோவின் மூச்சுப் பயிற்சியின்போது அவளும் குதிரையும் நெற்றியோடு நெற்றி வைத்து அரை மணி நேரம் நின்றார்கள். நொண்டல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அன்பு காட்டச் சொன்ன பிசியோவை டிரைவரம்மா அன்றே கேட்டுக்கு வெளியே போகச் சொன்னாள். அங்கே சம்பளம் வாங்குபவள் பிசியோதான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்தச் செய்தி வெளியே பரவியதும் தையல்காரர் ஒருநாள் ஆளில்லாத நேரம் பார்த்து முறைச்சியின் பின்னால் போய் நின்று அதன் வாலை இழுத்தார். அவருக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. முதுகு வலி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். இருவருக்கும் எதிராளியின் கோபம் தேவைப்பட்டது; ஆகவே இருவரும் எதிராளியைக் கோபப்படுத்தப் படித்தார்கள். டிரைவரம்மா தண்ணீர் வாளியைக் கழுத்து எட்டாத தூரத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தாள். தகர மூடியைத் தட்டி, பந்தயக் கதவு திறக்கும் சத்தத்தை உண்டாக்கினாள். முறைச்சி அவள் பெருக்கி முடித்த இடமாகப் பார்த்துச் சாணி போட்டது. மென்ற புல்லை அவள் காக்கிச் சட்டையில் தும்மியது. குடையைப் பார்த்தால் ஏறி நின்றது. எந்த ஈ எங்கே உட்கார்ந்தால் குதிரைக்குப் பொறுக்காது, எந்தக் காது எவ்வளவு பின்னால் போனால் உதை வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாயிற்று. அவள் கேட்டருகே வரும்போதே காலடிச் சத்தத்தை வைத்து அவளுக்குத் தலைவலியா, வீட்டில் சண்டையா, மாதவிலக்கா என்று குதிரைக்குத் தெரிந்தது. பத்து அமர்வு எப்போதோ முடிந்துபோயிருந்தது. நொண்டல் வாரத்துக்கு இரண்டு முறை கைமாறியது. கவுண்டரில் அவளுக்கு எதிரான புகார்கள் நின்றுபோயின. கோபம் முழுவதும் ஒரே இடத்தில் செலவாகிவிட்டதால் குடைக்காரர்களுக்கு மிச்சமில்லை.

பதினான்காம் மாதத் தொடக்கத்தில் அவள் ஜெயித்தாள். குதிரை தூங்கி வழிந்துகொண்டிருந்த மதியத்தில் அதன் காதுக்குள் தகர மூடியைத் தட்டினாள். உதை விழுந்தது. அவள் எழுந்து, நேராக நடந்து, கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள், திரும்பி வரவில்லை. டெப்போ மருத்துவர் சோதித்துச் சான்று கொடுத்தார். அடுத்த வாரமே மறுபடி ஸ்டியரிங் பிடித்தாள். பயணிகளில் நூற்றெட்டுப் பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள்: குதிரையின் காலைத் திருடியவள் கையில் உயிரை ஒப்படைக்க முடியாது. மேலாளர் அந்த மனுவைத் தொலைந்த பொருள் கவுண்டருக்கு அனுப்பினார். அதைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அவள் ஐந்து மாதம் பஸ் ஓட்டினாள். வீட்டில் பேச்சு மெல்லத் திரும்பியது. கணவர் குளியலறைத் தரையைப் பெயர்த்து வழவழப்பான நீல டைல்ஸ் பதித்தார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஜாக்கி அவள் பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றார்.

“வியாழக்கிழமை நகராட்சி மாட்டு டாக்டர் வர்றாரு. லைசென்ஸ் புதுப்பிக்கணும். நொண்டிக் குதிரை இருந்தா லைசென்ஸ் கிடையாதாம். ஊசி போட்டுடலாம்னு சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட எதுக்கு சொல்றே?”

“கால் உனக்கே நிரந்தரமாயிடும். சந்தோஷமா இருக்கும்னு சொன்னேன்.”

“போட்டுடு” என்றாள் டிரைவரம்மா. “இறங்குற இடம் வந்துடுச்சு, இறங்கு.”

அது அவர் இறங்க வேண்டிய இடமில்லை. இருந்தாலும் இறங்கினார். அன்றைக்கு அவள் மூன்று நிறுத்தங்களில் நிறுத்தாமல் போனாள் என்று டெப்போ பதிவேட்டில் இருக்கிறது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கணவர் பேச்சை எடுத்தார்.

“நாளைக்கு டூட்டிக்குப் போற. முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வர்ற. அவ்வளவுதான்.”

“நான் வேற எங்கேயாவது போறேன்னு சொன்னேனா?”

“சொல்ல வேண்டாம். மூணு நாளா தட்டுல கைய வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்கே.”

“அது செத்தா எனக்கென்ன?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றார் அவர். “உன்னை அந்தக் கவுண்டர்ல பாத்தவன் நான். சாயங்காலம் ஆளுங்க வரிசையில நிப்பாங்க. நீ சுவரைப் பாத்து உக்காந்திருப்பே. இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாது.”

அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஒரு டிரிப் முடித்துவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு லாயத்துக்குப் போனாள். செத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று கண்டக்டரிடம் சொன்னாளாம்.

அவள் போனபோது மணி பதினொன்று. டாக்டர் வர இன்னும் அரை மணி இருந்தது. முறைச்சி சுவரோரமாக நின்றிருந்தது. இடது பின்னங்காலின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, பாரம் முழுவதையும் வலப்பக்கம் போட்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருந்தது. யாரோ வரும் சத்தம் கேட்டும் காது அசையவில்லை. முன்னால் தீவனம் அப்படியே இருந்தது. டிரைவரம்மா சுற்றிப் போய் அதன் முகத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது, முறைக்கவில்லை. கவுண்டரின் கண்ணாடியில் இரண்டு வருஷம் தினமும் அவள் பார்த்திருந்த முகம் அது. அப்படி ஒரு முகம் குதிரைக்கும் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

“ஏய் நாயே” என்றாள். “முறைடி.”

குதிரை முறைக்கவில்லை. அவள் கையை ஓங்கி அதன் கழுத்தில் அறைந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை அறைந்தாள், இன்னும் பலமாக. சத்தம்தான் வந்தது; உள்ளங்கை எரிந்தது; நொண்டல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதுதான் தனக்கு அதன் மேல் கோபம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பயந்துபோனாள். மென்று துண்டான கைப்பையை நினைத்துப் பார்த்தாள். தையல்காரர் பார்க்கத் தான் சாணியில் வழுக்கி விழுந்ததை நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. சிமெண்ட் லாரியை, மேலாளரை, ஆபரேஷன் செய்த டாக்டரை எல்லாம் நினைத்து அறைந்தாள். அவர்கள் மேல் கோபம் நிறையவே இருந்தது, ஆனால் அது குதிரைக்கு உரியதல்ல; நொண்டல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ஜாக்கி கேட்டைத் திறக்கப் போனார். டிரைவரம்மா குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வர மாட்டேங்குதுடி” என்று சொன்னாள். “நான் என்ன பண்றது? வர மாட்டேங்குது.”

முறைச்சி தலையைத் திருப்பி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. இரண்டு காதுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் படிந்தன. பிறகு வலது முன்னங்காலை எடுத்து, அவசரமில்லாமல், இடம் பார்த்து, அவளுடைய நல்ல காலின் பெருவிரல் மேல் வைத்தது. வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தது.

அவள் போட்ட கூச்சலில் சாதுக் குதிரைகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. “பாவம் பாத்து வந்தவ மேலயா மிதிக்கிற, சனியனே!” என்று கத்தி, பதின்மூன்று மாதத்துக் கோபத்தையும் சேர்த்து ஒரு அறை விட்டாள். நொண்டல் வந்தது. முன்னைவிட வேகமாக வந்து இடுப்பில் மோதி நின்றது. அவள் தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஊசிப் பெட்டியோடு உள்ளே வந்தபோது முறைச்சி நாலு காலில் சமமாக நின்றுகொண்டு எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நடக்க விட்டுப் பார்த்தார். ஓட விட்டும் பார்த்தார். நல்ல ஆரோக்கியம், சுபாவம் மோசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “இவங்களுக்கு என்ன?” என்று கேட்டார்.

“பெருவிரல் நசுங்கிடுச்சு” என்றார் ஜாக்கி.

டாக்டர் போன பிறகு ஜாக்கி வந்து அவள் முன்னால் நின்றார். “உனக்குப் பைத்தியமா? அது என்னைத் தள்ளிவிட்டப்போ ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்கல. உன்னைப் பாத்து என்னத்தக் கண்டுச்சு?”

“அதுகிட்டயே கேளு” என்றாள். “கையைக் குடு, எழுந்திரிக்கணும்.”

அவர் கை கொடுக்கவில்லை. பிசியோதான் கொடுத்தாள்.

கணவர் நான்கு மாதம் அவளிடம் பேசவில்லை. உப்பு, சாவி, சிலிண்டர் பற்றிக்கூட இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாயத்துக்குப் போய், யாரிடமும் எதுவும் கேட்காமல், முறைச்சி நிற்கும் இடத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நொண்டுகிற கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அதைக் கொத்திச் சமன் செய்து, மேலே ரப்பர் பாய் ஒட்டினார். வேலை நடக்கும்போது குதிரை அவரை இரண்டு முறை கடித்தது. வீட்டுக்கு வந்து, “அது நல்ல குதிரை இல்ல” என்றார். “இல்லதான்” என்றாள் அவள். அன்றிலிருந்து பேச்சு சரியாயிற்று.

டெப்போவும் வழிக்கு வந்தது. தொழிற்சங்கம் இரண்டு கூட்டம் போட்டு, விதிப்புத்தகத்தில் குதிரை பற்றி எதுவும் இல்லை என்று கண்டுபிடித்தது. நொண்டல் குதிரையிடம் இருக்கும் வாரம் டிரைவரம்மாவுக்கு ஸ்டியரிங், அவளிடம் இருக்கும் வாரம் கவுண்டர் என்று முடிவாயிற்று. நொண்டல் அவளிடம் இருக்கும் வாரங்களில் முறைச்சி நோயாளிகளைச் சுமந்தது, விருப்பமில்லாமல், ஆனால் ஒருவரையும் கீழே போடாமல். முன்பு அதன் மேல் ஏறத் துணியாதவர்களெல்லாம் அதைத்தான் கேட்டு வந்தார்கள். மற்றக் குதிரைகள் பரிதாபப்படுகின்றன, இது பரிதாபப்படுவதில்லை என்று, கை நடுங்கும் பெரியவர் ஒருவர் காரணம் சொன்னார். வருஷங்கள் போகப் போகக் கைமாற்றுவதுதான் கஷ்டமாயிற்று. ஏழாம் வருஷத்தில் ஒரு நல்ல கோபத்துக்கு அரை நாள் உழைக்க வேண்டியிருந்தது. அவள் வாளியைத் தள்ளி வைப்பாள், அது குடை மேல் ஏறும், இருவருக்கும் அலுப்புதான் வரும். சில வாரம் வரவே வராது. அப்போது யாரிடம் இருக்கிறதோ அவரே வைத்துக்கொள்வார், மற்றவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

போன மாதம் தொடர்ந்து மூன்று வாரம் அவளிடமே இருந்தது. பஸ் நிலையத்தில் அவள் காலை இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போவதைப் பார்த்த பூ விற்கிற அக்கா, “குதிரை எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“ஓடிட்டு இருக்கு” என்றாள் டிரைவரம்மா.

“நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, பூ விற்கிறவள் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.